அந்தோனியாரிடம் கேட்ட மழை

என் கணவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் வேலை முடியும் திகதி இருக்கவில்லை. மழை வந்து விடுதி மூடும்வரை என்றுதான் எழுதியிருந்தது. சாம்பியாவில் ஓர் ஆற்றங்கரையில், யானையும் சிங்கமும் பார்க்க வருகிறவர்கள் தங்கும் சிறிய விடுதி அது. மொன்றியலின் சென்ட் லோரன்டில் அவர் இயந்திரம் திருத்திக்கொண்டிருந்த தொழிற்சாலை தன் ஒரு பகுதியை மூடியபோது, முன்பு மாலைதீவில் அவரோடு வேலை செய்த ஒருவர் அழைத்தார். சோலார் தகடுகளையும் தண்ணீர்ப் பம்பியையும் பார்த்துக்கொள்ள ஒரு பருவத்துக்கு ஆள் வேண்டும் என்றார். தெருவோரத்துப் பனி கறுத்து உருகிக்கொண்டிருந்த நாட்களில் அவர் போனார். மகன் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான்.

ஆகவே நவம்பர் பிறந்தபோது, பார்க் எக்ஸ்டென்ஷனில் ஓர் இரண்டாம் மாடி வீட்டில் இருந்துகொண்டு நான் ஆபிரிக்காவில் மழை பெய்யக் காத்திருந்தேன்.

எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிற பழக்கம் எனக்கு. அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, மகனுக்குக் காய்ச்சல் மருந்து சரியான அளவில் கொடுத்தேனா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பேன். மழையை அப்படிச் சரிபார்க்க முடியவில்லை. கைப்பேசியில் அந்தப் பக்கத்து நகரத்தின் வானிலையைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு முகிலும் ஒரு மின்னலும் தெரியும். மழை மட்டும் வராது.

அங்கே இருட்டி இரவுச் சாப்பாட்டு நேரம் வரும்போது இங்கே மதியம். விருந்தாளிகள் மேசைக்கு வருவதற்கு முன் அவருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அப்போதுதான் அழைப்பார். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டு மகனோடு கட்டிலில் படுத்திருப்பேன். சுவரோரத்து வெப்பக்குழாய் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் படம் வராது, குரல் மட்டும்தான் வரும். மகன் என் வயிற்றின்மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கேட்பான். தூங்குவதற்கு அவனுக்கு அந்தக் கால் போட ஓர் இடம் வேண்டும்.

அவர் மகனுக்காகச் சத்தங்களைப் பதிவு செய்து அனுப்புவார். நீர்யானைகள் ஆற்றுக்குள் கிடந்து பெரிய மனிதர்கள் சிரிப்பதுபோல் உறுமும். காய்ந்த இலைகளின்மேல் யானை நடப்பது சீலை உரசுவதுபோல் இருக்கும். "எங்கட மன்னார்ப் பெருக்கமரம், அந்த அடி பருத்த மரம், இஞ்ச ஆத்தங்கரை முழுக்க நிக்குது. ஆனா யானை அதைக் கரும்பு மாதிரிக் கடிக்குது" என்று ஒருநாள் சொன்னார். நான் அந்த விடுதியைக் கண்டதில்லை. ஆனாலும் கண்ணை மூடினால் அதற்குள் நடக்கத் தெரிந்தது. புல்வேய்ந்த குடிசைகள், இடது பக்கம் சமையற்கட்டு, மேட்டில் அவருடைய பற்றரி அறை, கீழே நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டு போகும் ஆறு. எங்கும் தண்ணீர் இல்லாததால் எல்லா மிருகங்களும் அந்த ஆற்றுக்கே வந்தன. அதைப் பார்க்கத்தான் விருந்தாளிகளும் வந்தார்கள். மழை விழுந்துவிட்டால் காடெல்லாம் குட்டைகள் நிரம்பும், மிருகங்கள் கலைந்து போய்விடும், பார்க்க ஒன்றும் இருக்காது. அத்தோடு விடுதியும் மூடப்படும்.

மகன் நடக்கப் பழகியிருந்தான். அப்பா என்றால் அவனுக்கு என் கைப்பேசி. தயிர்ச்சோற்றை ஒரு கரண்டி தான் சாப்பிட்டு, அடுத்த கரண்டியைக் கைப்பேசிக்கு ஊட்டுவான். தூங்கும் நேரம் அதைப் போர்வையால் மூடுவான். பேருந்தில் யாரோ ஒருவருடைய கைப்பேசிக்கு முத்தம் கொடுக்கப் போனான்; அந்த மனிதர் "பொன்ஜூர், பொன்ஜூர்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர்க் குழாய் திருத்த வந்த ஆளைக் கண்டாலே மகன் என் பின்னால் ஒளிவான். உண்மையான ஒரு மனிதர் வந்து நின்றால் என்ன செய்வான்? இன்னும் ஐந்து மாதம் போனால்?

ஐந்து மாதம் என்பது வெறும் கற்பனை இல்லை. அந்தப் பகுதியின் மண் கரிசல் மண். ஓரிரு பெருமழைக்குப் பிறகு வாகனம் அச்சுவரை புதையும் என்று அவரே சொல்லியிருந்தார். கடந்த பருவத்தில் ஒரு சமையற்காரர் ஒருநாள் பிந்திவிட்டார். பாதை அடைபட்டு, காவலுக்கு இருந்தவர்களோடு ஏப்ரல்வரை அங்கேயே கிடந்தாராம்.

"வரேக்க நல்லா உடம்பு வைச்சிருந்தவராம். மனுசனுக்குச் சமைக்கிறதும் சாப்பிடுறதும்தானே வேலை" என்று கணவர் சிரித்தார்.

"உங்களுக்கு அப்பிடி வராதெல்லோ?"

"நான்தான் கடைசி ஆள். கட்டில், நுளம்புவலை, பாய், சமையற் சாமான் எல்லாம் போனாப் பிறகுதான் நான் கரண்டைக் கழட்டலாம். அதுமட்டும் குளிர்ப்பெட்டி ஓடவேணும், பம்பி ஓடவேணும். இஞ்ச போன் எடுபடுறதும் என்ர கரண்டிலதான்." பிறகு குரலைத் தணித்தார். "நீர் பயப்பிடாதையும். ஒண்டு சொல்லுறன் கேளும். நான் கழட்டினாப் பிறகு என்ர சத்தம் வராது. சத்தம் வராட்டி, அவர் வெளிக்கிட்டிட்டார் எண்டு நினையும்."

பயந்த சுபாவமுள்ள ஒருத்திக்கு இதைவிடக் கடினமான அடையாளம் ஒன்றைக் கொடுக்க முடியாது. ஆனால் நான் ஓம் என்றேன்.

கீழ் வீட்டில் மச்சாள் இருக்கிறார், கணவருடைய அக்கா. சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் காலை வேலை. பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றியதும் மேலே ஏறி வருவார், மகனைத் தூக்குவார், என் சட்டியைத் திறந்து பார்ப்பார், உப்புக் குறைவு என்பார். செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் மூவரும் கோயிலுக்குப் போவோம். புனித அந்தோனியாருக்கு உகந்த நாள் செவ்வாய். தொழிலோ விசாவோ பிள்ளைப்பேறோ எதுவானாலும் எங்கள் ஆட்கள் அவரிடம் நேர்த்தி வைத்துத்தான் கேட்பார்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். மச்சாளும் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன கேட்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. அதைக் கேட்பது அழகில்லை.

அந்தச் செவ்வாய் மச்சாள் வழக்கத்தைவிட நெடுநேரம் முழங்காலில் இருந்தார். மகன் இருக்கைக்குக் கீழே ஊர்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். எழுந்து உட்கார்ந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அங்க இன்னும் மழை இல்லையெல்லோ?" என்றார்.

"இல்லை மச்சாள். நானும் ஒவ்வொரு கிழமையும் கேக்கிறன், வருதில்லை."

"என்ன கேக்கிறனீ?"

"மழை கெதியா வரவேணும் எண்டு. மழை வந்தாத்தானே அவங்கள் மூடுவாங்கள்."

மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எடி விசரி! நான் மழை வரக்கூடாதெண்டெல்லோ நேர்த்தி வைச்சிருக்கிறன்! அவன் வெளிக்கிடுமட்டும் ஒரு துளி விழக்கூடாதெண்டு!"

முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பினார். மச்சாள் குரலைத் தாழ்த்தினார். "எப்ப தொடக்கம் கேக்கிறாய்?"

"ஒக்டோபர் தொடக்கம்."

"நான் அதுக்கும் முன்னம். என்ர தான் முதல் போயிருக்கு."

"பிறகு வந்ததைத்தான் முதல் பாக்கிறாரோ தெரியாது, மச்சாள்."

"ஒரு வீட்டு மேல்மாடியில இருந்து மழை கேக்கினம், கீழ்மாடியில இருந்து வெயில் கேக்கினம். அந்த மனுசன் என்னதான் செய்யிறது? ரெண்டையும் ஒதுக்கி வைச்சிட்டுப் பேசாமல் இருக்கிறார்." சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குள் ஒரு பதற்றம் ஓடியது. உண்மையிலேயே இந்த ஒரு மாதத்தை நாங்களே வீணாக்கிவிட்டோமா என்று நினைத்தேன். பிறகு, அப்படி நினைப்பது எவ்வளவு முட்டாள்தனம் என்று நினைத்தேன். அதன்பின், முட்டாள்தனமாகவே இருந்தாலும் திருத்திவிடுவது நல்லது என்று தோன்றியது.

"ரெண்டு பேரும் ஒண்டாக் கேப்பம்" என்றேன்.

அந்த இருக்கையிலேயே ஒரு பொது விண்ணப்பம் தயாரானது.

"முதல் விருந்தாளியள் எல்லாரும் போகட்டும்" என்றார் மச்சாள்.

"பேந்து மழை."

"சின்ன மழை."

"சின்ன மழைக்கு மூடமாட்டினம், மச்சாள்."

"சரி, பெருமழை ஒண்டு. ஒண்டே ஒண்டு. அதுக்குப் பிறகு பாதை காயவேணும்."

"பாதை காஞ்சா, திரும்ப விருந்தாளியளைக் கூப்பிட்டிடுவினமோ?"

"எடி, நீ அவருக்கு வேலை பழக்கிறியோ? மிச்சத்தை அவர் பாப்பார். முழந்தாள்படியிடு."

ஒன்றாக மண்டியிட்டோம். மகன் இடையில் வந்து தானும் மண்டியிட்டான், கைகூப்பத் தெரியாமல் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு.

அடுத்து வந்த ஒரு காலையில், நான் மகனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, வழக்கமில்லாத அந்த நேரத்தில் கைப்பேசி அடித்தது. இந்தமுறை படம் வந்தது. வந்து ஒரே கணத்தில் உறைந்துவிட்டது. அவருடைய முகம், பாதி திறந்த வாய், நெற்றியில் ஒட்டிய மயிர், பின்னால் கத்தரிக்காய் நிறத்தில் வானம். படம் அசையாமல் நிற்க, சத்தம் மட்டும் ஓடியது. முதலில் தகரத்தில் யாரோ கடுகு தெளிப்பதுபோல். பிறகு கடலை. பிறகு ஒன்றையும் பிரித்துக் கேட்க முடியவில்லை.

"வந்திட்டுது! கேக்குதோ? வந்திட்டுது!" என்று கத்தினார். "விருந்தாளியள் எல்லாம் வெளியில நிண்டு நனையினம். வெள்ளைக்காரப் பொம்பிளை ஒராள் சப்பாத்தைக் கழட்டி எறிஞ்சிட்டா! மான் எல்லாம் அப்பிடியே நிக்குது, ஓடாமல்..."

மகன் கரண்டியை விட்டுவிட்டு, அந்த உறைந்த முகத்தைக் கையால் தட்டினான். மழை எங்கள் சமையலறைக்குள் பெய்துகொண்டே இருந்தது. சன்னலுக்கு வெளியே மொன்றியலின் வானம் சாம்பலாய், காற்றே இல்லாமல், இலையுதிர்த்த மரங்களின்மேல் தாழ்ந்து கிடந்தது. தவளைகள் தொடங்கின. எங்கிருந்து அத்தனை தவளைகள் ஒரே நிமிடத்தில் வந்தன? நான் கஞ்சிக் கோப்பையைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டேன். அந்த மேட்டையும் பற்றரி அறையையும் கண்டேன். ஆற்றுநீர் நிறம் மாறுவதைக் கண்டேன். கண்ணைத் திறந்தபோது சத்தம் நின்றிருந்தது. மகன் திரும்பவும் அதைத் தட்டிப் பார்த்தான், மழையை இன்னும் கொஞ்சம் கேட்பதுபோல்.

மறுநாள் மதியம் சிறிது நேரம் கதைத்தார். ஈசல் கிளம்பி விருந்தாளிகளின் சூப்புக்குள் விழுந்ததாம். கடைசி விருந்தாளிகள் போய்விட்டார்களாம். கட்டில்கள் லொறியில் ஏறிவிட்டன, புல் தட்டிகளைச் சுருட்டுகிறார்கள் என்றார். குரல் களைத்திருந்தது. பின்னால் மழை விடாமல் பெய்தது.

"ஒரு மழைதானே கேட்டம்" என்று நான் முணுமுணுத்தேன்.

"என்னது?"

"ஒண்டுமில்லை. கவனமா வாங்கோ."

அதன் பிறகு சத்தம் வரவில்லை.

சத்தம் வராவிட்டால் நல்லது. அப்படித்தான் சொல்லியிருந்தார். நான் அதைச் சமையலறையில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் புறப்பட்ட மனிதரின் மௌனமும் சேற்றில் அகப்பட்ட மனிதரின் மௌனமும் ஒன்றுபோலத்தானே இருக்கும். மதியம் வந்தது, நாங்கள் படுத்தோம், கைப்பேசி பேசவில்லை. மகன் அதைப் போர்வையால் மூடி, தட்டித் தூங்கவைத்தான். நானும் தூங்கியிருக்க வேண்டும். பார்க் எக்ஸ்டென்ஷன் தெருவில் ஆறு ஓடியது. டெப்பானர் என்கிற மூலைக்கடை வாசலில் யானைகள் வரிசையாக நின்று, ஒவ்வொன்றாகத் தும்பிக்கையை உள்ளே நீட்டிப் பால் பெட்டி எடுத்தன. ஒரு பேருந்து அச்சுவரை சேற்றில் புதைந்து விளக்கெரிய நின்றது. அதற்குள் யார் இருக்கிறார் என்று பார்க்க நான் சன்னலைத் துடைக்கிறேன், துடைக்கிறேன், மழை திரும்பத் திரும்ப மூடுகிறது. விழித்தபோது உண்மையாகவே சன்னலில் மழை. எந்த ஊர் மழை என்று புரிய எனக்குச் சிறிது நேரம் எடுத்தது.

அன்று பின்னேரம் மச்சாள் வந்து சட்டியைத் திறந்து பார்க்கவில்லை. சப்பாத்தோடு மேலேறி வந்து கதிரையில் இருந்தார். அவருடைய மதியச் சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாமல் அப்படியே கையில் இருந்தது.

"சத்தம் இல்லாட்டி நல்லதெண்டுதானே சொன்னவன்?" என்றார்.

"ஓம் மச்சாள்."

"அப்ப நல்லாத்தான் இருக்கிறான்."

"ஓம்."

அவர் என்னைத் தேற்ற வரவில்லை, தான் தேற வந்திருந்தார் என்று புரிந்தபோது எனக்கு அதிசயமாக ஒரு தைரியம் வந்தது. தேநீர் ஊற்றினேன். சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிச் சூடாக்கிக் கொடுத்தேன். "உப்புக் குறைவு" என்றேன். அவர் பாதி அழுதபடி சிரித்தார். அவர் சமைத்தது அது.

வெள்ளிக்கிழமை காலை, தெரியாத ஓர் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. பின்னால் லொறிகளின் சத்தம், கோழிகளின் சத்தம், மனிதர்கள் பேரம் பேசும் சத்தம். தவளை இல்லை, மழை இல்லை.

"ரவுணுக்கு வந்திட்டன்" என்றார். "வாகனம் ரெண்டு இடத்தில புதைஞ்சிட்டுது. உழவு மெசினால கட்டி இழுத்தவை. பற்றரியளை எல்லாம் உயரத் தட்டில ஏத்திப்போட்டுத்தான் வந்தனான். எங்களுக்குப் பிறகு ஒரு வாகனமும் வரேல்லை. பாதை முடிஞ்சுது. இஞ்சேரும், கேக்குதோ? அழுகிறீரோ?"

"இல்லை" என்றேன். "சாப்பிட்டீங்களோ?"

அவர் வந்து இறங்கிய நாளில் மொன்றியலில் அந்தப் பருவத்தின் முதல் பனி. வெயிலில் கறுத்து, மெலிந்து, கழுத்துக்கு மேலே தாடியாய் வாசலில் நின்றார். நான் பயந்தது அப்படியே நடந்தது. மகன் ஒரு பார்வை பார்த்தான். வீரிட்டான். மச்சாளின் காலைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தான். அவர் நீட்டிய கையை மெதுவாக மடக்கி, கழற்றாத குளிர்ச்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "பரவாயில்லை, பரவாயில்லை" என்றார். குரலைக் கேட்டதும் மகன் தலையைத் தூக்கினான். ஓடிப்போய் மேசையிலிருந்த என் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தான். அதில் ஒன்றும் கேட்காததால் எங்கள் எல்லோரையும் சந்தேகத்தோடு பார்த்தான்.

அடுத்த இரண்டு நாளும் அப்படியே போயின. தாடியை எடுக்கச் சொல்வதா, வேண்டாமா? பக்கத்தில் போகச் சொல்வதா, விட்டுப் பிடிப்பதா? எது செய்தாலும் பிழையாகிவிடும்போல் இருந்தது. அவர் ஒரு விருந்தாளியைப்போல் சோபாவின் ஓரத்தில் இருந்தார். மகன் அறையின் மறுகரையில் இருந்தான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மச்சாள் டொலர் கடைப் பை ஒன்றோடு ஏறி வந்தார். உள்ளே நிறையச் சின்னக் கிண்ண மெழுகுதிரிகள்.

"டேய் தம்பி, நிலத்தில மலந்து படு."

"என்னத்துக்கக்கா?"

"நீ வந்து சேர்ந்தா உன்ர உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்திறன் எண்டு நேர்த்தி. இஞ்ச எங்க அவ்வளவு பெரிய திரி? இருந்தாலும் கோயிலுக்குள்ள விடமாட்டினம், நெருப்புப் பயம். கிண்ணத் திரிதான் விடுவினம்."

"இது ஏமாத்தாகாதோ மச்சாள்?" என்றேன் நான்.

"நிக்கேக்க உயரம், படுத்தா நீளம். ரெண்டும் ஒரே ஆள்தானே? அந்தோனியாருக்கு விளங்கும். படடா."

"எனக்கு பிளேன்ல வந்த களைப்பு இன்னும் போகேல்லை அக்கா."

"படுக்கத்தானே சொல்லுறன். களைப்புக்கு நல்லது."

அவர் சிரித்துக்கொண்டே கம்பளத்தில் மல்லாந்தார், கைகளை உடலோடு ஒட்டிக்கொண்டு. மச்சாள் குதிக்காலில் தொடங்கி, ஒரு கிண்ணத்தோடு மறு கிண்ணம் முட்ட வரிசையாக அடுக்கிக்கொண்டு போனார். நான் பையிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெப்பக்குழாய் இரைந்தது. அறை அரையிருளாய், மதியத் தூக்கத்தின் நிறத்தில் இருந்தது.

முழங்கால்வரை வந்தபோது மகன் கதவருகே வந்து நின்றான், கைப்பேசியோடு. இடுப்புவரை வந்தபோது இன்னும் கிட்ட வந்தான். பெரிய மனிதர் ஒருவர் நிலத்தில் அசையாமல் கிடக்க, அத்தை அவரைச் சுற்றி விளையாட்டுச் சாமான் அடுக்குவதை அவன் கண்டதில்லை. திரிகள் இல்லாத மறுபக்கத்துக்குச் சுற்றிப் போனான். குந்தியிருந்து அவருடைய முகத்தைப் பார்த்தான். பிறகு கைப்பேசியை அவருடைய நெஞ்சின்மேல் வைத்தான். தானும் பக்கத்தில் மல்லாந்து படுத்து, கைகளை உடலோடு ஒட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தான்.

கணவர் தலையைத் திருப்பப் போனார்.

"அசையாதை" என்றார் மச்சாள், கிண்ணங்களிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாக்காதை. அப்பிடியே கிட."

அவர் அப்படியே கிடந்தார். மூச்சு ஏறி இறங்க, நெஞ்சின்மேல் கைப்பேசியும் ஏறி இறங்கியது. சிறிது நேரம் கழித்து மகன் ஒரு காலைத் தூக்கி அவருடைய வயிற்றின்மேல் போட்டான்.

வரிசை முடிய இன்னும் ஒரே ஒரு கிண்ணம்தான் வைக்க வேண்டியிருந்தது. மச்சாள் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை.